எங்கட பெடியள்

பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கக் கொல்லிமலைக்கு வந்த இடத்தில், டீக்கடைக்கார அம்மா மரவள்ளிக்கிழங்கு வெந்த பானையைத் திறந்ததும், அந்த ஆவி என்னை யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடிக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே பின்னேரங்களில் என் அம்மா கிழங்கு அவித்து, உரலில் செத்தல் மிளகாய் இடித்துச் சம்பல் போடுவாள். ராணுவத்தோடு சண்டைபிடிக்கப் போன அண்ணனும், அவன் இயக்கத்துப் பையன்களும், மற்ற இயக்கத்துப் பையன்களும் துவக்குகளைக் கிணற்றுக்கட்டில் சாய்த்துவிட்டு, ஒரே ஓலைப்பெட்டியிலிருந்து சுடச்சுட எடுத்து ஊதி ஊதித் தின்பார்கள். யார் எந்த இயக்கமென்று அம்மா கேட்டதேயில்லை, அவளுக்கு எல்லாருமே "எங்கட பெடியள்"தான்.

பிறகு இயக்கங்கள் ஒன்றையொன்று சுடத் தொடங்கின. கிணற்றடிக்கு யாரும் வரவில்லை. அம்மா மட்டும் அதே பெரிய பானையில் அவித்துக்கொண்டிருந்தாள், அண்ணன் சந்தியில் கிடக்கிறான் என்று ஆள் வந்து சொல்லும்வரை.

"கிழங்கைக் கையில வெச்சுக்கிட்டே என்னங்க யோசன?" என்றார் கடைக்கார அம்மா.

"அண்ணன் ஞாபகம். எங்கட ஊரில சுட்டுப்போட்டாங்கள்."

"மிலிட்டரிக்காரங்களா சாமி?"

அகதி முகாமில் அம்மாவிடமும் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். சாகும்வரை அவள் சொன்ன பதில்தான் என் வாயிலும் வந்தது.

"இல்லை. எங்கட பெடியள்."