குளவி விஷத்தைத் திருப்பிக் கோத்த கதை

அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைட் செய்வது பூக்கட்டுகிற மாதிரிதான். என்ன, பூ கண்ணுக்குத் தெரியும். பதுளைக்கு வெளியே ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் எனக்கு அந்தத் தொழில். ஒரே வேலையை நாற்பது தடவை கழுவிக் கழுவிச் செய்கிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

போன வருஷம் ஒரு டொக்டர் குளவி விஷத்திலுள்ள பெப்டைட் ஒன்றைக் கேட்டார். கொட்டு வாங்கிப் பிழைத்தவர்களின் ரத்தத்தில் அதைச் சோதித்து, அடுத்த கொட்டில் யார் உயிருக்கு ஆபத்து என்று பார்க்க வேண்டுமாம். பட்டியலில் என் அக்கா பாக்கியமும் இருந்தாள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள்; குளவி கொட்டி மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கொழுந்து மலைக்குத் திரும்பினால் உயிர் பயம். திரும்பாவிட்டால் வேலைப் பதிவில் பேர் வெட்டிவிடுவார்கள், அவளும் பிள்ளைகளும் இருக்கும் லயக் காம்பரா, தோட்டம் கொடுத்த ஒற்றை அறை, அதுவும் போய்விடும்.

பொலி

டொக்டர் இரண்டு கேட்டிருந்தார். ஒன்று அசல். மற்றது அதன் கண்ணாடிப் பிம்பம், இடம் வலமாகத் திரும்பிய அமிலங்களால் கோத்தது. அப்படியொன்றை எந்தக் குளவியும் செய்யாது, எந்த ரத்தமும் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. சோதனை சரியா என்று ஒப்பிடத்தான் அது.

அசல் சமர்த்தாக முடிந்தது. கண்ணாடிச் சங்கிலி எட்டாவது கண்ணியில் நின்றுவிட்டது. சங்கிலி வளரும் பிசின் மணிகளில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் நீலம். நீலம் என்றால் ஒட்டவில்லை. மூன்று நாளும் நீலம். எரிச்சலில், தோட்டத்தில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது கத்துவார்களே, அதுபோல "பொலி பொலி" என்று கத்திவிட்டேன். அடுத்த சோதனையில் மணிகள் வெளுத்திருந்தன, ஒட்டிவிட்டது. பக்கத்து மேசை ராஜி, அப்புத்தளைக்காரி, எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, நீ ஒருத்திதானே நிக்கிற? ரெண்டு பேரு கொரல்ல கேட்டுச்சு."

முன்பே தெரிந்த ரத்தம்

அசலுக்கு அக்காவின் ரத்தம் சீறியது, எதிர்பார்த்ததுதான். கண்ணாடிக்கும் அதே அளவு சீறியது. மற்றவர்களின் ரத்தம் கண்ணாடியைச் சட்டை செய்யவே இல்லை. குப்பியை மாற்றிவிட்டேனோ என்று பயந்து, புதிதாகச் செய்து, தூய்மை பார்த்து அனுப்பினேன். மறுபடியும் அதேதான். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர்; நேரிலேயே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பிள்ளை, இது உலகத்திலயே இல்லாத சாமான். உங்கட அக்கான்ர ரத்தத்துக்கு இதை முன்னமே தெரிஞ்சிருக்கு. அவவ மலைக்கு விடாதேங்கோ."

மூக்குத்தி

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அக்கா மறுநாள் வேலைக்குக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி விஷயத்தைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கை மூக்குத்திக்குப் போனது.

"அன்னிக்குப் பனி மூடம் கட்டியிருந்துச்சு. எதிர் நெரையில ஒருத்தி கொழுந்தெடுத்தா. என் மொகம், என் கூடை. மூக்குத்தி மட்டும் பக்கம் மாறி இருந்துச்சு. மொதல்ல அவளத்தான் கொட்டுச்சு, நான்தான் கத்துனேன்."

போகாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா கூடையைக் கவிழ்த்து நீரை வடித்தாள். "நான் போகலைனா நாளைக்கு அவ வந்து பேரு போட்டுக்குவா. அப்பறம் காம்பராவும் அவளுக்குத்தான்."

விஷத்தையே இடம் வலமாகத் திருப்பிக் கோக்கத் தெரிந்த எனக்கு, மலைக்குப் போகாதவளுக்கும் ஒரு காம்பராவை நிற்க வைக்கிற சங்கிலியைக் கோக்க மட்டும் இன்னும் கை வரவில்லை.