படகுகள் ஏன் போகவில்லை

பிள்ளைகளே, நேற்று மாலை துறைமுகத்திலிருந்து வந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது மூத்தவன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். கையெல்லாம் சாக்கில் பெயர் எழுதுகிற மை. அதனால் அவனையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படித்தேன். இங்கிலீஷ் பரீட்சைத் தாள். வாத்தியார் ஒரு கதையை வாசிப்பாராம், பிள்ளைகள் காதால் கேட்டுவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டுமாம். பத்துக்கு மூன்று மார்க். அடியில் சிவப்புப் பென்சிலால், பையன் கவனிப்பதில்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

அவன் அடி விழும் என்று எதிர்பார்த்து ஒரு காலைப் பின்னால் வைத்துத் தயாராக நின்றான். நான் அடிக்கவில்லை. "கிளாஸ்ல எங்கடா குந்திகினு கீறே?" என்றுதான் கேட்டேன்.

"ரெண்டாவது பெஞ்சு, நைனா."

"வாத்தியார் படிக்கிறது கேக்குதா?"

"நல்லா கேக்குது. நான்தான் ஜன்னல்ல காத்தாடி பாத்துகினு இருந்தேன்."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. தெருமுனைக்குப் போய் அவனுக்கு முறுக்கு வாங்கிவந்தேன். மூன்று மார்க்குக்கு முறுக்கு வாங்கித் தந்த தகப்பன் ராயபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உங்கள் அம்மா, "நல்லா கீது நாயம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முறுக்கைத் தின்றுவிட்டு நீங்கள் தூங்கிப் போனீர்கள். எனக்குத்தான் அந்தச் சிவப்புப் பென்சில் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷத்துக் கோபம், ஒரு பென்சில் கோட்டைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. யார் மேல் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் பாரம் வரைக்கும். பள்ளிக்கூடம் சரக்கு ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஓட்டுக் கட்டடம். ஒரு பக்கம் சரக்கு ரயில் வாகன்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், மறுபக்கம் அலை. காற்று அடித்தால் உப்பும் கருவாடும் கலந்த வாசனை புத்தகத்துக்குள்ளேயே புகுந்துவிடும். இப்போதுகூட எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு இங்கிலீஷ் பாடம்தான் ஞாபகம் வருகிறது. மற்றவர்களுக்குப் பசி வரும்.

உள்ளே பெஞ்சுகள் இருந்தன. கம்பெனி குமாஸ்தாக்களின் பிள்ளைகளும் மண்டிக்காரர்களின் பிள்ளைகளும் அதில் உட்கார்ந்தார்கள். குப்பத்துப் பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர். எங்களுக்குக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்துத் தரை. பெஞ்சு பத்தவில்லை என்று தலைமை வாத்தியார் சொல்லுவார். நாங்களும் நம்பினோம். அந்த வருஷம் ஒரு மண்டிக்காரர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய பையன்கள் இரண்டு பேர் இருந்த இடம் காலியாயிற்று. மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் தலைமை வாத்தியாரின் குடை படுத்திருந்தது. வருஷம் முடியும்வரை அது அங்கேயேதான் படுத்திருந்தது. குடைக்குக் கிடைத்த பெஞ்சு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தாழ்வாரத்தில் பாடம் நடந்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நிலைப்படியை ஒட்டி உட்காருகிறவன் ஏகாம்பரம். என் சிநேகிதன். அவனுக்குத்தான் உள்ளே பேசுவது பாதியாவது காதில் விழும். அவன் அடுத்தவனுக்குச் சொல்லுவான், அடுத்தவன் அதற்கடுத்தவனுக்கு. கடைசியில் இருந்த எனக்கு வந்து சேரும்போது உள்ளே அடுத்த பாடம் ஆரம்பித்திருக்கும். அதனால் நாங்கள் காதை நம்புவதை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்பினோம். இரண்டு புத்தகம்தான், ஆறு பேருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் படித்தோம். அர்த்தம் தெரியாத இடத்தை மறுபடி படித்தோம், அப்புறமும் தெரியாவிட்டால் மறுபடி. வாசிப்பதில் பெஞ்சுக்காரர்கள் யாரும் எங்கள் பக்கத்தில் வர முடியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் வந்தது.

ஏகாம்பரத்துக்குத் தந்தி ஆபீசில் வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. எப்போது பார்த்தாலும் விரலால் எதையாவது தட்டிக்கொண்டிருப்பான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா அஞ்சலை மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவளுடைய அண்ணனுக்குச் சொந்தமாகக் கட்டுமரம் இருந்தது. பையனை மரத்தில் ஏற்று என்று அவன் தினமும் தங்கையிடம் சண்டை. அவள், நாலாம் பாரத்துக்குத் தேறினால் படிக்கட்டும், தேறாவிட்டால் உன்னோடு கூட்டிக்கொண்டு போ என்று அண்ணனிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். நாலாம் பாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது. பட்டணத்து ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். அந்த ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் வந்து எங்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை வைப்பார். அவர் சரி என்றால் ஹைஸ்கூல். இல்லையென்றால் ஏகாம்பரத்துக்கு மறுநாளே கடல்.

அவர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, கோட்டுப் பையில் ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமான பென்சில். நாங்கள் அதுவரை அப்படிப்பட்ட பென்சிலைப் பார்த்ததில்லை. பரீட்சை முடிந்தால் அதை நமக்கு ஒருமுறை எழுதிப் பார்க்கக் கொடுப்பாரா என்று ஏகாம்பரம் என்னைக் கேட்டான்.

முதல் பாதி வாசிக்கிற பரீட்சை. அச்சடித்த தாளில் ஒரு பாடம், அடியில் கேள்விகள். எங்களுக்கு அது வெல்லக்கட்டி. பரபரவென்று எழுதினோம். இரண்டாவது பாதி கேட்கிற பரீட்சை. அவர் ஒரு பாடத்தை இரண்டு தடவை வாசிப்பார் என்றும், யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். கேள்விகள் மட்டும் தாளில் இருந்தன. அன்றைக்குக் கடல்காற்று பலமாக அடித்தது. மேஜைமேல் இருந்த தாள்கள் பறந்ததால் அவர் எழுந்துவந்து எங்கள் பக்கத்துக் கதவைப் பாதி சாத்தினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சுகளைப் பார்த்து வாசித்தார். மெல்லிய குரல். பின்னால் வாகன்களை இழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

நிலைப்படிவரை நகர்ந்துபோய் எனக்குக் கேட்டதைச் சொல்லுகிறேன். சீமையில் ஒரு கடற்கரை ஊர். படகுகள் எல்லாம் மணலில் கிடக்கின்றன. வலைகள் காய்கின்றன, யாரும் தொடவில்லை. மணி அடிக்கிறது. கடைகள் சாத்தியிருக்கின்றன. ஆண்களும் பெண்களும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு, மெதுவாக, பேசாமல், எல்லோரும் ஒரே திக்கில் நடக்கிறார்கள். இவ்வளவுதான் விழுந்தது. நடுவில் இருந்ததை வாகன்கள் தின்றுவிட்டன. இரண்டாம் தடவையும் அதே இடங்களில்தான் தின்றன.

அன்று படகுகள் ஏன் போகவில்லை என்பது கேள்வி. ஜனங்கள் எங்கே போனார்கள் என்பது இன்னொரு கேள்வி.

குப்பத்தில் பிறந்தவனுக்கு இது ஒரு கேள்வியா? எங்கள் ஊரில் ஒரு உயிர் போனால் அன்று ஒரு மரமும் கடலில் இறங்காது. பகையாளி வீட்டுச் சாவாக இருந்தாலும் சரி, கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, எவ்வளவு மீன் பாடு இருந்தாலும் சரி. வலையைத் தொடமாட்டார்கள். சங்கும் சேகண்டியும் முன்னால் போக, ஊரே பின்னால் நடக்கும். நான், ஊரில் ஒருவர் செத்துப்போனார், ஜனங்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள் என்று எழுதினேன். எழுதும்போது அந்தச் சீமை ஊர்க்காரர்கள்மேல் எனக்கு ஒரு பிரியம்கூட வந்தது. அவர்களும் நம்மைப் போலத்தான் என்று நினைத்தேன்.

சாயங்காலமே தாள்களைத் திருத்திவிட்டார். ஆறு பேரையும் கதவண்டை நிற்கவைத்து எங்கள் பதில்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். அப்போது குரல் நன்றாகவே எழும்பிற்று. ஆறு பேரும் சாவு என்று எழுதியிருந்தோம், ஆறு பேரும் சுடுகாடு. பெஞ்சுகள் விழுந்து விழுந்து சிரித்தன. பாடத்தில் அன்று ஞாயிற்றுக்கிழமையாம். ஜனங்கள் சர்ச்சுக்குப் போனார்களாம். ஆறு பேரும் ஒரே தப்பை எழுதியிருக்கிறீர்கள், ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதினால்தான் இப்படி வரும் என்றார். பிறகு எங்களுடைய வாசிப்புத் தாள்களை எடுத்தார். அதில் ஆறு பேருக்கும் நல்ல மார்க். அதுவும் பார்த்து எழுதியதுதான் என்று முடிவு செய்து, சிவப்பு முனையால் குறுக்கே கோடு போட்டார். ஆறு தாள், ஆறு கோடு. கண்ணால் படித்ததில் தேறியவன் காதால் கேட்டதில் ஏன் தவறினான் என்று அந்தப் படித்த மனிதருக்கு ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. சாத்திய கதவு அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

ஏகாம்பரம் மட்டும் வாயைத் திறந்தான். "சார், எங்க ஊர்ல யாராவது செத்தாத்தான் சார் மரம் போவாது."

"உங்க ஊரைப் பத்தி உன்னை யார் கேட்டா?" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அஞ்சலை வந்தாள், இடுப்பில் மீன் கூடையோடு. கூடையை வெளியே வை என்று தலைமை வாத்தியார் கத்தினார். அவள் அதை ஏகாம்பரம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போனாள். அவள் உள்ளே வந்ததும், எங்கே மேலே பட்டுவிடுவாளோ என்று அவர் பதறி வெளியே தாழ்வாரத்துக்கு ஓடிவந்தார். அதாவது எங்கள் இடத்துக்கு. அவள் பரீட்சை வாத்தியார் நின்ற இடத்தில் போய் நின்றாள். மகன் சொல்லியிருந்தபடியே முதுகைத் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் என்னவோ சொன்னாள். வாகன் இடித்தது. திரும்பிப் பார்த்தாள்.

"நான் இன்னா சொன்னேன், சொல்லு சாமி."

அவர் நிலைப்படியில் நின்று கழுத்தை நீட்டினார்.

"கேக்கலியா? மெய்யாலுமே கேக்கலியா? உனுக்கு எம்மாம் பெரிய காது. உனுக்கே கேக்கலன்னா எம் புள்ள எப்டி சாமி கேட்டு எய்துவான்?"

முந்தின நாள் எங்களைப் பார்த்துச் சிரித்த பெஞ்சுகள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தன. அதுதான் எங்களுக்கு வினையாயிற்று. ஹைஸ்கூலுக்கு எழுதி மறுபடி பரீட்சை வைக்கச் சொல்லலாம் என்றிருந்தேன், இந்தப் பொம்பளையால் அதுவும் போயிற்று என்றார். எழுதுவதாக இருந்தாராம். அவரைத் தெரிந்த எவரும் அதை நம்பமாட்டார்கள். சிரித்தது பெஞ்சு, போனது எங்கள் படிப்பு.

ரொம்ப காலம் கழித்து ஒருநாள் நான் அஞ்சலையிடம், அன்றைக்கு வாய்க்குள் என்ன சொன்னாய் என்று கேட்டேன். கெட்ட வார்த்தையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். "அந்தக் கொடைய எட்துட்டு எம் புள்ளய குந்த வைன்னேன். வேற இன்னாத்த சொல்லுவேன்" என்றாள்.

ஏகாம்பரம் மாமனோடு மரம் ஏறினான். துடுப்பு பிடித்து அவன் விரல்கள் தடித்துவிட்டன, தட்டுவதும் நின்றுபோயிற்று. என்னை என் அப்பா துறைமுகத்தில் சேர்த்துவிட்டார். சாக்கு மூட்டைகளிலும் பெட்டிகளிலும் போகவேண்டிய ஊரின் பெயரைத் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மையால் எழுதுகிற வேலை. லிவர்பூல், லண்டன், ரங்கூன். நான் எழுதிய இங்கிலீஷ் உலகம் முழுக்கப் போயிருக்கிறது, பிள்ளைகளே. நான் எண்ணூரைத் தாண்டியதில்லை.

துறைமுகத்துக்குக் கல் கொட்டக் கொட்ட, கடல் வடக்கே திரும்பி எங்கள் கரையைத் தின்றது. முதலில் மரம் இழுத்துவைக்கும் மணல் போயிற்று, அப்புறம் முன் வரிசைக் குடிசைகள். குப்பம் சிதறிப்போயிற்று. திருவொற்றியூருக்குச் சிலர், எர்ணாவூர் பக்கம் சிலர். பள்ளிக்கூடம் இப்போது தோல் கிடங்கு. ஒருநாள் அந்த வழியாகப் போனேன். தாழ்வாரத்தை இடித்துவிட்டு வண்டி வந்து நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்த இடத்தில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. அதற்காவது உள்ளே பேசுவது கேட்கிறதா என்று தெரியவில்லை.

உங்களை எவனாவது காது எட்டாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு, உனக்குக் கவனம் போதாது என்று சொன்னால், எழுந்து நில்லுங்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். நான் கூடை இல்லாமலே வருவேன்.

போன மாசம் அஞ்சலை இறந்துபோனாள். எர்ணாவூரில், ஏகாம்பரத்தின் வீட்டில். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே இருக்கிறவர்கள் நாலைந்து ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். பக்கத்து வரிசைக்காரனுக்கே சாவு தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும் அவள் இன்னாரென்று தெரியாது. சங்கு ஊத ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் நடந்தவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான், பழைய குப்பத்துக்காரர்கள்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு, நானும் ஏகாம்பரமும் ஈரத் துணியோடு மணலில் உட்கார்ந்தோம். அவன் வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே கடலைப் பார்த்தான்.

"ஏம்பா, அந்த செவப்பு பென்சில்காரன் இப்ப வந்து கேட்டான்னா, இன்னா எய்துவே?" என்றான்.

நானும் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். அந்த வாத்தியார் கேட்பதற்குக் கேள்வியே இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் பாய்கள். படகுகள் எல்லாம் போயிருந்தன.