ஒத்தைமலையின் மூன்று ஷீட்

1

அலமாரிக் கதவு மூடவில்லை. என் பணிக்காலத்தின் பெரிய தப்பு அப்படித்தான் ஆரம்பித்தது.

கோயம்புத்தூரில் ஒரு தாவர ஆய்வு நிலையத்தில் ஹெர்பேரியம் அசிஸ்டென்டாக இருந்தேன். மலையிலிருந்து வரும் செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, எங்கே எப்போது பறித்தது என்று லேபிள் எழுதுவது வேலை. ஒட்டிய அட்டைக்கு ஷீட் என்று பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அலமாரிகள் பிதுங்கின. புதிதாக வந்த அதிகாரி ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க கருப்புசாமி, ஒரே செடிக்கு எதுக்குங்க இருவது ஷீட்டு? நல்லதா நாலு வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கழிச்சுப்போடுங்க."

எனக்குக் கைவேலையில் கர்வம் உண்டு. ஷீட் என்றால் இலை விரிந்து, பூ முகம் காட்டி, காலண்டர் படம்போல இருக்கவேண்டும். நீலகிரியிலிருந்து வந்ததில் இரண்டு, ஆனைமலையிலிருந்து வந்ததில் இரண்டு அப்படி இருந்தன. வைத்துக்கொண்டேன். மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே தனியாக நிற்கும் ஒரு மலையை ஒத்தைமலை என்போம். அங்கிருந்து வந்த மூன்றும் பார்க்கச் சகிக்கவில்லை. குட்டை இலை, அதன் அடியில் அழுக்குப் பஞ்சு ஒட்டியதுபோல் ரோமம், பூவும் பொடிசு. நோஞ்சான் செடியைப் பறித்துவிட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே மற்றவற்றோடு பின்கட்டில் போட்டு எரித்தேன். பூச்சி பரவாமலிருக்க, கழித்ததை எரிப்பது எங்கள் வழக்கம்.

அந்த மூன்றையும் மூன்று பேர் மூன்று வெவ்வேறு வருஷங்களில் பறித்திருந்தார்கள். லேபிள் எழுதியதே நான்தான். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் அது நோஞ்சான் இல்லை, அந்த மலைச் செடியின் குணமே அதுதான் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

2

இரண்டு வருஷம் கழித்து சல்மா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண், பிஎச்.டி. மாணவி. அதே செடியைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தாள்.

"பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கால நீலகிரி, தெக்கால ஆனைமலைங்கண்ணா. இது குளிருல வளர்ற செடி. நடுவுல இருக்கற வெக்கைக் காட்டைத் தாண்டி விதையும் போகாது, பூவுக்கு வர்ற வண்டும் போகாதுங்க. அதனால அந்தந்த மலையில அதுபாட்டுக்கு மாறிட்டே இருக்குது. ஒத்தைமலைச் செடி ரெண்டுலயும் சேராம இன்னும் தனியா மாறியிருக்கணுமுங்க. அதுதான் என்னோட ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயமே."

"மலைக்கே போயிப் பறிச்சுட்டு வரலாமே அம்மணி?"

"போயிட்டு வந்துட்டேனுங்க. டவர் வைக்கறதுக்கு உச்சியை வழிச்சுப்போட்டாங்க. ஒரு செடி இல்லீங்க. இங்க மூணு ஷீட் இருக்குதுன்னு ரிஜிஸ்டர்ல பாத்தேன். அதை நம்பித்தான் வந்தேன்."

கழித்ததை ரிஜிஸ்டரில் அடிக்க மறந்திருந்தேன். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும்.

"பூச்சி அரிச்சுப்போச்சு கண்ணு."

"மூணுமேங்களா?"

"மூணும்."

அவள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "இலைக்கு அடியில ரோமம் இருந்துச்சுங்களாண்ணா? உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

எல்லாம் ஞாபகம் இருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன்.

"இல்லை கண்ணு, ஞாபகம் இல்லை" என்றேன். செடிதான் போயிற்று என்றால், அதைப் பார்த்தவர்களில் அவள் எதிரே இருந்த ஒரே சாட்சியையும் அன்று நானே வாயடைத்துவிட்டேன்.

3

ஆய்வேட்டில் அந்தக் கடைசி அத்தியாயம் இல்லை. அதற்குப் பதில் ஒரே வரி: ஒத்தைமலை, மாதிரிகள் கிடைக்கவில்லை. முன்பக்கத்தில், ஷீட்களைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கும் கருப்புசாமி அண்ணனுக்கு நன்றி என்று எழுதியிருந்தாள். அவமானமாக இருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டூப்ளிகேட் என்று கழிக்குமுன் லேபிளில் மலையின் பெயரைப் பாருங்கள். மலை வேறானால் அது டூப்ளிகேட் இல்லை. அழகாக இல்லாத ஷீட்டை இன்னொரு தடவை பாருங்கள்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில்தான் இருந்தேன். சல்மா எத்தனையோ முறை வந்து, எதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனாள். நான் சொல்லவே இல்லை. இதை அச்சில் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப்போகிறாள்.