பிஸ்கட் டப்பாவில் ஒளித்த சங்கிலி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கார்ட்டூன் போடுவார்கள். ஐந்து பேர் கொண்ட ராணுவப் படை. நாட்டின் தங்கத்தையெல்லாம் கொள்ளையடிக்க ஒரு கூட்டம் திட்டம் போடுகிறது. படைத்தலைவி முந்திக்கொண்டு தங்கக் கட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பெட்டகத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஈயத்தை அடுக்கிவிடுகிறாள். வில்லன்கள் ஈயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி அசடு வழிகிறார்கள். எனக்கு ஒன்பது வயது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அந்த வாரம்தான் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்து நகையைக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் பீரோவில் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி இருந்தது, அக்காவின் கல்யாணத்துக்கென்று வைத்தது. அச்சு அசலாக அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலியும் உண்டு. வெளியூர்க் கல்யாணங்களுக்கு ரயிலில் போகும்போது அம்மா அதைத்தான் போட்டுக்கொள்வாள். மற்றபடி அது அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். எனக்கு வேறென்ன வேண்டும்? அம்மா குளிக்கப் போனபோது இரண்டையும் இடம் மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. படை ரகசியமாம், பெரிய மண்ணாங்கட்டி ரகசியம்.

புதன்கிழமை பள்ளிவிட்டு வந்து பார்த்தால் டப்பா காலி. எங்கள் வீட்டில் வேலைக்கு வந்து பாத்திரம் தேய்த்துவந்த ஓர் அம்மாவின் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். "பொண்ணு கழுத்துல போட்டுக்கட்டுமேன்னு அந்தக் கவரிங்கைக் கொடுத்தேன்" என்றாள் அம்மா. அப்போதே சொல்லியிருக்கலாம். அடிக்குப் பயந்து தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துச் சங்கிலியை எடுத்தார்.

"இன்னாம்மா, இத்தப் போயி கவரிங்னு குட்த்துட்ட? போட்டதுமே கனமா கீதுன்னு பொண்ணு சொல்ச்சு. எங்க பக்கத்துல நகை வேல செய்றவரு உரசிப் பாத்தாரு. தங்கம்மா இது. ராவெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு."

அம்மா பீரோவைத் திறந்து இன்னொரு சங்கிலியை எடுத்துவந்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பித்தோம் என்று கதவுக்குப் பின்னால் நான் மூச்சு விட்டேன்.

"பீரோவை எப்போ திறந்தே?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? அதுவும் என் அம்மா. அந்த அம்மா காலிச் சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு மெதுவாக, "எட்த்திருந்தா குட்க்க வருவனாம்மா?" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்து, "நான்தாம்மா மாத்தி வச்சேன்" என்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. கவரிங் சங்கிலியை அந்த அம்மாவிடம் நீட்டி, "தப்பா நினைச்சுக்காதே, இதை எடுத்துண்டு போ" என்றாள்.

அவர் கை நீட்டவில்லை. என்னைப் பார்த்து, "நேத்தே சொல்லிக்கக் கூடாதா கண்ணு?" என்றார். பிறகு அம்மாவிடம், "வேணாம்மா. மஞ்சக் கயிறு போதும் என் பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்று பாத்திரங்களை அம்மாவே தேய்த்தாள். கல்யாணம் முடிந்து வருவார் என்று அடுத்த வாரம் முழுக்க வாசலைப் பார்த்தபடி தேய்த்தாள். அவர் வரவில்லை.