வயிற்றுக்கு இடம் விட்ட மேசை

நான் பெரம்பலூர் லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியவன். எனக்கு வாய்த்த பெண்டாட்டியோ டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். அத்தை மகள் என்பதால் கிடைத்தாள். வெளியே பெண் கேட்டுப் போயிருந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். எங்கள் ஊர் வேப்பந்தட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி டவுனுக்குப் போய், ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தாள். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கே நாக்கு வெளியே வந்துவிடும்.

முதல் கர்ப்பம் தங்கவில்லை. இரண்டாவது தங்கியதும், பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட விரல்கள் மடியில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தன. சென்டர்காரர் நல்ல மனுஷன். பழைய மிஷின் ஒன்றைக் கொடுத்து, "வீட்லயே அடிச்சுக் குடும்மா" என்றார். முக்காலியில் வைத்தால் ஆடியது. தரையில் வைத்தால் அவளால் குனிய முடியவில்லை.

"நான் மேசை செஞ்சு தரேன் புள்ள" என்றேன்.

"நீங்க செஞ்ச கூட்டுக்குள்ள கோழியே போவ மாட்டேங்குது மாமா."

மகளைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து தங்கியிருந்த அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தது. "புள்ளத்தாச்சி இருக்குற வூட்ல ஆணி அடிச்சேன்னா கைய ஒடிச்சுடுவேன்."

அதனால் ஷெட்டுக்குப் பின்னால் வைத்துச் செய்வதென்று முடிவானது. அவளை அங்கே கூட்டிப்போக முடியாது. நாற்காலியில் உட்கார வைத்து, கயிற்றால் கை நீளத்தையும் முழங்கை உயரத்தையும் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து சாமான் வந்த மரப்பெட்டி சும்மா கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். அந்தப் பலகையில் ஒரு கண்ணாடி கிளாஸ் படம் போட்டிருந்தது. உடையாமல் தூக்கச் சொல்லும் படம் என்பது அப்போது எனக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. சாராயப் பெட்டி என்று அத்தை கடைசிவரை நம்பியது.

மூட்டை இறக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில்தான் மேசை வேலை. ஒரு காலை அறுத்தால் இன்னொரு கால் நீளமாகத் தெரியும். மேசை முடிவதற்குள் வளைகாப்பே முடிந்துவிட்டது. பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். மிஷினை வைத்து, அவளை உட்காரச் சொன்னேன்.

முடிச்சுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது அளந்த அன்றைக்கு இருந்த வயிற்றுக்கு. இப்போது வயிறு பலகையில் முட்டியது, விரல்கள் மிஷினுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றன. நான் மேசை செய்த வேகத்தைவிட என் பிள்ளை வளர்ந்த வேகம் அதிகம்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "பரவால்ல மாமா. புள்ள பொறந்தப்புறம் அடிச்சுக்கறேன்" என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் வளைகாப்புத் தாம்பாளத்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் பாதி வெளியே நிற்கும்படி வைத்து, கரியால் சுற்றிக் கோடு போட்டேன்.

"தாம்பாளத்த என்னடா பண்ற?" என்றது அத்தை.

"உன் பேரப்புள்ளைக்கு எடம் அளக்கறேன்."

மேசையைத் தலையில் தூக்கிப்போய், ஊரெல்லையில் புளியமரத்தடியில் வைத்து அரைவட்டமாக அறுத்தேன். திரும்பி வந்து போட்டதும் அவள் உட்கார்ந்தாள். வயிறு அந்த வளைவுக்குள் அப்படியே போய் அமர்ந்தது. விரல்கள் எட்டின. ஒரு வரி அடித்தாள், வரி முடிகிற இடத்தில் மிஷினின் மணி அடித்தது. சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன புள்ள, வலிக்குதா?"

"இல்ல மாமா. மணி சத்தத்துக்கு உள்ள ஒதைக்குது."

அத்தை காப்பியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனது. அந்த மேசைக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட் அது ஒன்றுதான்.

பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சில மாதம் கழித்து, பரணில் பத்திரமாக வைத்திருந்த அரைவட்டத் துண்டையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தேன். இனி வீட்டுக்குள்ளேயே ஆணி அடிக்கலாமே.

அவள் மேசையின் வளைவில் கையை வைத்து மறித்தாள். "இருக்கட்டும் மாமா. அடுத்ததுக்கு மறுபடி அறுக்கணும்ல."

அத்தை பக்கத்திலேயே நின்றது. ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.