படத்தின் முன்னால் உட்கார்ந்தவர்

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் புதிய ஓவியர்களுக்கு இடம் கொடுக்கும் சிறிய கூடம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்ட அக்காவின் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. ஒடிசலான உடம்பு. யாரிடம் பேசினாலும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

என் முதல் கண்காட்சி அங்கேதான் நடந்தது. கல்குவாரி வேலையில் ஒரு கையை இழந்த என் அப்பாவை வரைந்திருந்தேன். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி குவாரி ஆட்கள் போனில் மிரட்டினார்கள். மறுநாள் மதியம் இரண்டு பேர் வாசலில் பைக்கை நிறுத்தியதும் நான் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, படத்தை எறக்கிருவோம். பயமா இருக்கு."

"எனக்கும் பயம் உண்டு மக்கா," என்றவர், ஒரு நாற்காலியை இழுத்துப் படத்தின் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

வந்தவர்களில் ஒருவன் படத்தின் சட்டத்தில் கைவைத்து, "சேச்சி, எழும்புங்க" என்றான்.

"பாக்கணும்னா நின்னு பாருங்க. எடுக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கணும் ஆக்கும்." அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அவன் அவரையே முறைத்துக்கொண்டு நின்றான். பிறகு கையை எடுத்தான். இருவரும் போய்விட்டார்கள்.

பைக் சத்தம் ஓய்ந்தும் அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் தாங்கிப் பிடித்தேன். அவ்வளவு பயந்தவர் யாரோ ஒருவருடைய படத்துக்காக எப்படி அங்கே உட்கார்ந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.