இடிக்குத் திருந்திய பெட்டி

திண்டிவனத்தில் என் தையல் கடைக்கும் ஜெசிந்தாவின் டிஷ் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் துளை போட்டால் என் பக்கம் சுண்ணாம்பு உதிரும். நான் சத்தம் போடுவேன், அவள் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கம்பெனி வேலைக்குப் போ என்று வீட்டில் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள். அவளோ மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி, அடுத்தவர் வீட்டு டிவிக்குப் படம் வரவழைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருடப் புயலில் அவளுடைய அக்கா இருதயமேரி குடியிருக்கும் தெரு மூழ்கியது. பிரம்மதேசம் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற தெரு அது. ஏரி வழியப் போகிறது என்று விழுப்புரம் வரைக்கும் தெரிந்திருந்தது. செல்போன் டவர் படுத்துவிட்டதால் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. இருதயமேரி கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தப்பித்தாள். அன்றைக்குப் பிடித்தது ஜெசிந்தாவுக்கு வெறி. டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தெருவுக்குச் சேதி போய்ச் சேர வேண்டும்.

வழி வானத்தில் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் எச்சரிக்கைச் செய்திகளைச் சேட்டிலைட் மூலம் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. மழை கனத்தால் சிக்னல் அறுந்து அறுந்து வரும், டிவி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலிதான். அதனால் ஒரே செய்தியைத் துண்டு துண்டாக்கித் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். அந்தத் துண்டுகளைப் பிடித்து, சேர்த்து, வாய்விட்டுச் சொல்ல ஒரு பெட்டி வேண்டும். கடையில் அது கறவை மாட்டு விலை. மிக்ஸி விலையில் செய்து காட்டுகிறேன் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். யாரோ கழற்றிப் போட்ட டிஷ், பழைய செட்டாப் பாக்ஸ், கையகலத்தில் ஒரு சர்க்யூட் போர்டு, ஆட்டோவில் மாட்டுகிற ஸ்பீக்கர். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இது சோதனைச் செய்தி" என்று ஒரு குரல் கேட்டது. ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். குழந்தை முதல் வார்த்தை பேசிவிட்ட மாதிரி இரண்டு பேரும் குதித்தோம்.

பெட்டியைக் கொண்டுபோய் இருதயமேரி வீட்டில் வைத்தோம். ஐப்பசி மழையில் விழுப்புரத்திலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். பெட்டி மூச்சுவிடவில்லை. போய்ப் பார்த்தால் பிளக்கும் டிஷ் ஒயரும் சுருட்டி ஆணியில் தொங்குகின்றன. இடி இடித்தால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற முதல் வேலை அதுதான். கொடியில் கிடக்கிற துணியைக்கூட அப்புறம்தான் எடுப்போம். ஜெசிந்தா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள்.

"மழைக்குன்னுதான்க்கா இத்த வெச்சிருக்கேன். மழை வந்ததும் புடுங்கிட்டா இது இன்னாத்துக்கு ஆவும்?"

"இடி வுழுந்து டிவி பொகைஞ்சத பாத்தவடி நானு. நீ இன்னா சொன்னாலும் புடுங்கத்தான் செய்வேன்."

'பிடுங்காதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டிவிட்டு வந்தாள். அடுத்த இடிக்கு, அந்தக் காகிதம் கிழியாமல் பக்குவமாக ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள்.

பிடுங்கினால்தான் என்ன, திரும்பச் செருகினால் வேலை செய்யாதா என்று கேட்டேன். அதுவரை வந்த துண்டுகள் எல்லாம் மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரவிக்கைக்கு முன்பக்கம் வெட்டியாகிவிட்டது, கைக்குத் துணி இன்னும் வரவில்லை என்றால் முன்பக்கத்தைக் குப்பையிலா போடுவேன் என்று திட்டினேன். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் சுவரில் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் என் கடை வாசலில் வந்து நின்றாள், முகமெல்லாம் பல்.

"அக்கா புடுங்கட்டும் வேணிக்கா. பொட்டிதான் திருந்தணும்."

வருகிற ஒவ்வொரு துண்டையும் கரண்ட் போனாலும் அழியாத மெமரி கார்டில் உடனுக்குடன் எழுதி வைக்கப் பழக்கினாள். செருகியதும் இல்லாத துண்டை மட்டும் தேடிப் பிடிக்கும். கரண்ட் இல்லாத நேரத்துக்குப் பழைய பைக் பேட்டரி ஒன்றையும் சேர்த்தாள்.

கார்த்திகையில் அடுத்த புயல் வந்தது. விடிந்ததுமே டவர் போய்விட்டது. அக்காவுக்குப் போன் போகவில்லை. பெட்டி பேசியதா, பேசவில்லையா? ஜெசிந்தாவால் உட்கார முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினோம். ஒவ்வொரு இடிக்கும் அவள் முன்னால் இருந்து கத்தினாள், "இப்ப புடுங்கியிருக்கும்." இடி அடங்கினால், "இப்ப சொருகியிருக்கும்." வழி நெடுக இதே பாட்டு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் வாய்க்கால் ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் போக முடியாது. ஜெசிந்தா அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனாள், நான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மேட்டிலிருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ கை காட்டினார்கள்.

ஓடிப் போனால், வராந்தா முழுக்க அந்தத் தெரு ஜனம். ஆடு, கோழிக்கூண்டு, கேஸ் சிலிண்டர், மல்லாட்டைக் கடலை மூட்டை. நடுவில் இருதயமேரி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இடிக்கிறப்பெல்லாம் புடுங்கினேன், நின்னதும் சொருகினேன்" என்றாள். "கடைசியா சொருகினப்பதான் வாயத் தொறந்துச்சு. ஏரி வழியப்போவுது, ஜல்தி பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு. வூடு வூடா தட்டி இட்டுக்கினு வந்துட்டேன்."

ஜெசிந்தா அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம், யாரென்றே தெரியாத ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏரித் தண்ணீர் கரையேறி வந்து தெருவுக்குள் நுழைந்தது. இருதயமேரியின் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. உள்ளே யாரும் இல்லை.